ஈரமண்ணில் இடைச்செருகல்

புத்தகம் தேடிக் கடைகடையாய் அலைவது எங்களுக்குப் பழகிய ஒன்று. தோண்டும் கருவி தேடி அலைந்தது இதுவே முதல் தடவை. இங்கிலாந்தில் வாழும் நாங்கள் மூவர், சதுப்புநில அகழாய்வொன்றில் தன்னார்வலர்களாகப் பங்கேற்க அனுமதி பெற்றோம். எதைக் கையில் எடுத்துச் செல்வது என்ற கேள்வி அதன்பின்னர்தான் எழுந்தது.

வறண்ட நிலமெனில் விடை எளிது. இந்நாட்டு அகழாய்வாளர்கள் பெரிதும் நம்புவது கொத்தனாரின் பூச்சுக்கரண்டியை ஒத்த 4 அங்குல எஃகுக் கரண்டியை. ஈரநிலத்தில் அதுவே பகையாகிவிடுகிறது. காற்றுப் புகாத சேற்றில் பூஞ்சைகள் வாழ இயலாமையால் மரம் மட்கிப் போவதில்லை. ஆயினும் அதன் செல்லுலோஸ் மெல்லச் சிதைய, அவ்விடத்தை நீர் நிரப்பிக்கொள்கிறது. உருவம் எஞ்சும், உறுதி எஞ்சாது. நகம் பட்டாலும் தடம் விழும்.

1970இல் சாமர்செட் சதுப்பில் பீட் வெட்டும் தொழிலாளியான ரே ஸ்வீட், வாய்க்காலைத் தூர்வாருகையில் ஒரு பலகையைக் கண்டெடுத்தார். புதைந்திருந்த நடைபாதை அவர் பெயராலேயே 'ஸ்வீட் டிராக்' என்றானது. அதற்கான மரங்கள் கி.மு. 3807-3806இல் வெட்டப்பட்டவை என மரவளையங்கள் காட்டின. அத்தகைய மரங்களில் கற்கோடரி பதிந்த வடுவும் அழியாமல் இருப்பதுண்டு. எங்கள் எஃகு முனை அங்கே ஒரு கோடு கிழித்தால், பின்வருவோர் அதையும் பழையவன் எழுத்தாகவே வாசிக்கக்கூடும். ஏட்டுச்சுவடியில் இடைச்செருகல் செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

எனவே மேல்மண்ணை அகற்ற மட்டும் மண்வெட்டி என்று முடிவாயிற்று. மரம் தலைகாட்டிய பின் மரத்தாலும் பிளாஸ்டிக்காலுமான தட்டைக் கரண்டிகள், மூங்கில் சீவல்கள், ஸ்பாஞ்சு, பிறகு விரல்கள். வாங்கும் முன் ஒவ்வொன்றையும் நீரில் ஊறிய ரொட்டித் துண்டின்மேல் இழுத்துப் பார்த்தோம். கீறாதவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டோம். குழியின் குறுக்கே இட்டுப் படுத்தபடி வேலை செய்ய நீண்ட பலகை தேவை, கால் படக்கூடாதல்லவா! திறந்த மரம் உலர்ந்தால் சுருங்கிப் பிளந்துவிடும் என்பதால் நீர்தெளிப்பானும் கட்டாயம்.

எங்களில் ஒருவருக்கு இது விளையாட்டுச் சாமான்போலப் பட்டது. அவரிடம் ஓசெட் பற்றிச் சொன்னோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், மண்சரிவில் புதைந்த மக்கா மக்களின் அவ்வூரை 1970 முதல் அகழ்ந்தவர்கள், குழாய்நீரைக் கொண்டே களிமண்ணைக் கரைத்தார்கள். கூடை முதலானவற்றை நெருங்கும்போது நீரின் வேகத்தையும் தணித்தார்கள்.

ஸ்வீட் டிராக்கின் ஒரு பகுதியைத் தோண்டாமலே விட்டு, நீர் பாய்ச்சி ஈரம் காக்க 1980களில் ஏற்பாடு செய்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். எங்கள் பையில் இருப்பவை எல்லாம் அதற்கு அடுத்தபடியான கருவிகளே.