முதற்பிழை

"மாமா, வாப்பாட கவிதையெல்லாம் உங்கக்கிட்ட கிடக்கெண்டு உம்மா சொன்னா. எடுக்க ஏலுமா?"

நோன்புப் பெருநாளன்று வீட்டுக்கு வந்த பிள்ளை இப்படிக் கேட்டாள். இருபது வயதைத் தாண்டிவிட்டாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தபோது அவள் ஏழு மாதக் குழந்தை. சம்மாந்துறையில் பெரியம்மா வீட்டுக்குத் தாயோடு போயிருந்ததால் தப்பினாள். அவளுடைய வாப்பா மருதமுனையில் வீட்டில் இருந்தான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன நாள் அது. இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

கவிதைகள் என்னிடம் இருந்தது உண்மை. 2003இல் கல்முனையில் ஓர் அச்சகத்தில் நாங்கள் இருவரும் இரவிரவாக இருந்து அவனுடைய தொகுதியைப் பேஜ்மேக்கரில் கோத்தோம். காசு சேரட்டும் என்று அச்சிடாமல் விட்டோம். இறுவட்டில் ஒரு பிரதி எடுத்து, மெய்ப்புப் பார்ப்பதற்காகச் சம்மாந்துறையில் ஓர் ஆசிரியரிடம் கொடுத்திருந்தேன். அச்சகமும் கணனிகளும் போய்விட்டன. இறுவட்டு மிஞ்சியது. அது இருபது வருடங்களாக என் அலுமாரியில் கிடந்தது. கேட்பவர்களிடம், இப்போதுள்ள கணனிகளில் அதைத் திறக்க முடியாது என்று சொல்லிவந்தேன். நான் அதைத் திறந்து பார்க்கவே இல்லை என்பதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பெருநாள் முடிந்த மறுநாள் தூசு தட்டினேன்.

என் மடிக்கணனியில் ஓடுவது ஆர்ச் லினக்ஸ். மகன் கட்டாருக்குப் போகுமுன் போட்டுத் தந்தது. இறுவட்டைப் போட்டதும் அது பாதியில் நின்று முனகியது. டிடிரெஸ்கியூ என்றொரு கருவி இருக்கிறது. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து முயன்று பார்க்கும். ஓர் இரவு விட்டேன். ஒரேயொரு துண்டைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. அந்தத் துண்டின் அளவு 2,048 பைட். அதன் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. கைவிடப்பட்ட மென்பொருள்களின் கோப்புகளை மீட்பதற்கென்றே 2014இல் ஆவண விடுதலைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களின் உழைப்பால் லிப்ரே ஒபிஸ் அதைத் திறந்துவிட்டது. திறந்தால் தமிழ் இல்லை! பாமினி எழுத்துருவில் அடித்தவர்களுக்கு இது தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அதன்மேல் தமிழ் முகமூடி. மெய்யெழுத்தின் புள்ளி அங்கே ஓர் அரைப்புள்ளி. கொம்பை எழுத்துக்கு முன்னாலேயே அடிப்போம். யுனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். எனவே மாற்றும்போது எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும்.

இணையத்தில் ஒட்டி எடுக்கும் மாற்றிகள் பல உண்டு. ஆனால் நாங்கள் அந்த அச்சகத்தில் சில விசைகளில் எங்களுக்கு வேண்டிய குறிகளை வைத்திருந்தோம், 'ஸல்' என்ற ஸலவாத்துக் குறி உட்பட. ஆகவே அட்டவணையை நானே திருத்தக்கூடிய ஒரு மாற்றி தேவைப்பட்டது. தேடியதில் ஒன்று அகப்பட்டது. அது ஆர்ச்சின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் இல்லை, ஏயூஆர் எனப்படும் பாவனையாளர் களஞ்சியத்தில் இருந்தது. 2005 முதல் இருந்துவரும் இடம் அது. அங்கே சமைத்த சோறு கிடைக்காது. யாரோ ஒருவர் எழுதிவைத்த சமையற் குறிப்பு மட்டுமே கிடைக்கும். பெயர் பிகேஜிபில்ட். மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, எப்படிக் கட்டுவது என்று அதில் இருக்கும். அரிசி வாங்கி உலை வைப்பது நம் வேலை. மேக்பிகேஜி என்ற கட்டளை அதைச் செய்கிறது.

முதல் நாள் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டினேன். மாட்டேன் என்றது. கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது, அது எனக்கான பாதுகாப்பு. குறிப்பு என்பது யாரோ எழுதிய கட்டளைக் கோவை. முழு அதிகாரம் கொடுத்தால் கணனியையே துடைத்துவிடலாம். பயம் வெறும் பயமல்ல. 2018 ஜூலையில், பராமரிப்பாளர் இல்லாமல் கிடந்த ஒரு பிடிஎஃப் வாசிப்பானின் குறிப்பை ஒருவர் பொறுப்பேற்று, அதற்குள் தீய நிரலைச் செருகினார். 2025 ஜூலையிலும் உலாவிகளின் பெயரில் அப்படிச் சில பொதிகள் வந்து அகற்றப்பட்டன. கட்டுமுன் குறிப்பை வாசியுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும்.

இரண்டாவது நாள், இறக்கிய கோப்பின் கைரேகை பொருந்தவில்லை என்றது. 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு சரம். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும். இந்தச் சோதனையைத் தாண்டிப் போகவும் ஒரு வழி உண்டு, பலர் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். இஸ்னாத் இல்லாமல் ஹதீஸை ஏற்காத மரபில் வந்த எனக்கு மனம் இடம் தரவில்லை. (உவமையை இதற்குமேல் இழுக்க மாட்டேன், மௌலவிமார் மன்னிக்க.) பார்த்தால், டேட்டா முடிந்து கோப்புப் பாதியில் நின்றிருக்கிறது. அதை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். பொருந்தியது.

மூன்றாவது நாள்தான் சோதனை. கொம்பைலர் ஓடத் தொடங்கி, திரை முழுக்கச் சிவப்பாகி, 'பில்ட் பகுதியில் தோல்வி, கைவிடுகிறேன்' என்று நின்றது. நான் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழமை அலைந்தேன். அதற்கு மேலே இருந்த சில பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கவும் முயன்றேன். ஒன்றைத் தொட்டால் வேறு இரண்டு வந்தன.

என் வாப்பா தறிக்காரர். மருதமுனையில் எங்கள் தெருவில் அப்போது தறிச் சத்தம் இல்லாத வீடு குறைவு. புடவையில் கோடு கோணி ஓடினால், கோணின இடத்தைப் பிடித்து இழுப்பவனை அவருக்குப் பிடிக்காது. "பின்னால போய்ப் பாரு மனே, எங்க அறுந்திச்செண்டு" என்பார். இஷாவுக்குப் பிறகு ஒருநாள் திடீரென அது நினைவுக்கு வந்தது. செய்திகள் முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து, மேலேயிருந்து வாசித்தேன். நூற்றுக்கு மேற்பட்ட பிழைகளில் முதலாவது, ஓர் எண் வகையைத் தனக்குத் தெரியாது என்று சொன்னது. அதற்கு நேர் கீழே கொம்பைலரே மருந்தும் எழுதியிருந்தது: அந்த வகை இந்தத் தலைப்புக் கோப்பில் இருக்கிறது, சேர்க்க மறந்துவிட்டீரோ? ஒரு கிழமையாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

காரணம் இதுதான். முன்பெல்லாம் வேறு தலைப்புக் கோப்புகள் அந்தக் கோப்பையும் தங்களோடு இழுத்துவரும். 2023இல் வந்த ஜிசிசி 13இல் அந்த இழுவையைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முன் எழுதப்பட்ட நிரல் எந்தக் குற்றமும் செய்யாமலே உடைந்தது. ஒரு வரி சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். அதே பிழை! நான் திருத்தியது பிரித்து வைத்த பிரதியை. மேக்பிகேஜி ஒவ்வொரு முறையும் மூலக் கட்டை மறுபடி பிரித்து என் வரியை மூடிவிடுகிறது. திருத்தத்தைக் குறிப்பின் ஆயத்தப் பகுதியிலேயே எழுத வேண்டும். எழுதினேன். சுபஹ் பாங்குக்குச் சற்று முன் கட்டி முடிந்தது.

அந்த ஒரு வரியைப் பராமரிப்பாளருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் குறிப்பில் சேர்த்திருந்தார். எந்த நாட்டவர் என்று எனக்குத் தெரியாது, பாமினி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. சுனாமி வந்த நாட்களிலும் இப்படித்தான் நடந்தது. காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவதற்காக, லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனோடு சேர்ந்த தொண்டர்கள் 'சஹன' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. அந்நாட்களில் முகாமில் இருந்த எனக்கு அதெல்லாம் தெரியாது.

இரண்டு மாதம் கழித்துக் கணனி முழுவதையும் புதுப்பித்தபோது மாற்றி மறுபடி செத்தது. அது நம்பியிருந்த நூலகம் ஒன்றின் இலக்கம் மாறியிருந்தது. ஏயூஆர் பொதிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. இம்முறை பதறவில்லை. மறுபடி கட்டினேன், கால் மணித்தியாலம்.

பக்கம் கோக்க ஸ்கிரைபஸ். முன்பு அதில் யுனிகோட் தமிழ் கொம்பும் காலும் கழன்றுதான் தெரியும். 2017இல் வந்த 1.5.3 பதிப்பில் அது சரியாயிற்று. அதன் பின்னால் இருந்த பெரிய உழைப்பு ஓமானில் ஒரு குழுவினுடையது. அரபு எழுத்து ஒட்டி வர வேண்டும் என்று தொடங்கினார்கள். தமிழும் அதில் கரை சேர்ந்தது.

பிள்ளை வந்து இரண்டு நாள் என் பக்கத்தில் இருந்து மெய்ப்புப் பார்த்தாள். அவளுடைய வாப்பா ஒற்றுமிகும் இடங்களில் பிழை விடுபவன். "இதத் திருத்தவா மாமா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிடக்கட்டும்" என்று அவளே சொன்னாள்.

41 கவிதைகள். 40 முழுதாக உள்ளன. இறுவட்டில் படிக்காமற் போன 2,048 பைட் விழுந்தது 'பாவு' என்ற கவிதையில். பாமினியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் கணக்கு. ஒரு நெடுங்கவிதை அதற்குள் அடங்கிவிடும். தலைப்பும் முதல் இரண்டு வரிகளும் மட்டும் மிஞ்சின. நான்தான் அதைத் தட்டச்சுச் செய்தவன், ஒரு வரிகூட நினைவில் இல்லை. 2002இல் அக்கரைப்பற்றில் ஒரு கவியரங்கில் அவன் அதை வாசித்தான். அன்று அங்கே இருந்தவர்கள், கையெழுத்துப் பிரதி பார்த்தவர்கள், எங்காவது எழுதி வைத்தவர்கள் இதை வாசித்தால் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.