அத்தை எழுதிக் கொடுத்த புத்தகம்

பழைய புத்தகம் சேகரிக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு உண்டுங்க. எழுத்தாளர் கையெழுத்து இருந்தா விலை ஏறும். வேற யாராவது பேனாவால எழுதியிருந்தா பெரும்பாலும் இறங்கும்.

அப்படிப் பார்த்தா என்கிட்ட இருக்கிற சோஹினி சட்டோபாத்யாயோட 'த டே ஐ பிகேம் அ ரன்னர்' (2023) பெருசா விலை போகாது. இந்தியாவுல ஓடின பெண்களோட வரலாறு அது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல ஓடின மேரி டிசூசா இருக்காங்க. நம்ம புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனும் இருக்காங்க. 2006 தோஹா ஆசியப் போட்டியில 800 மீட்டர்ல வெள்ளி ஜெயிச்சும், பாலினப் பரிசோதனைக்கு அப்புறம் பதக்கத்தைப் பறிச்சுட்டாங்களே, அவங்கதான்.

என் பிரதியோட முதல் பக்கத்துல பேத்தமங்களா அத்தை எழுதியிருக்காங்க: "நானும் ஓடினேன். உன் மகளுக்குச் சொல்லு."

கோலார் தங்கவயலுக்குக் குடிதண்ணி கொடுத்த பாலாத்து ஏரி இருக்கே, அதோட கரைதான் அத்தைக்கு மைதானம். பள்ளிக்கூடப் பந்தயத்துல மூணு வருஷம் முதல் பரிசு. அப்புறம் கல்யாணம். அவ்வளவுதான். எந்தப் புத்தகத்துலயும் பேர் கிடையாது.

இங்க பள்ளி அணியில ஓடுற என் மகள், ஞாயித்துக்கிழமை தோறும் போன்ல அத்தைப் பாட்டியைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கிறா. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு அத்தை இருக்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் பேசறப்போ கேட்டுப் பாருங்களேன்.