மூணு தடவைக்கு மேல வேண்டாம்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். கடைசி வருட அண்ணன் ஒருவர், தாம் திருத்திய புளூடூத் டிரைவரை நீட்டி, "படிச்சுப் பாத்து தப்பு இருந்தா சொல்லுடா" என்றபோது கை நடுங்கியது.

கோளாறு இதுதான். லேபில் உள்ள மலிவு விலை டாங்கிளைச் செருகியதும், லினக்ஸ் அதிலுள்ள கன்ட்ரோலருக்கு ரீசெட் கட்டளை அனுப்பும். 'முடிந்தது' என்று பதில் வர வேண்டும். வராது. லாகில் மைனஸ் 110 என்று விழும். காத்திருந்த நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

பதில் வரும்வரை ரீசெட்டை அனுப்பிக்கொண்டே இருக்க அண்ணன் ஒரு லூப் போட்டிருந்தார். டாங்கிள் உயிர்பெற்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கோ அப்பாவின் பம்ப்செட் ஞாபகம். ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆனால் இரண்டு, மூன்று தடவைதான் பட்டனை அமுக்குவார். "அதுக்கு மேல அமுக்குனா காயில் போயிரும்" என்பார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனுஷன்.

"அண்ணே, பதிலே வரலைன்னா?" என்றேன். சிரித்தார். நான் டாங்கிளைப் பிடுங்கினேன். லூப் ஓயவில்லை. ஷட்டவுன் கொடுத்தாலும் மெஷின் அணையவில்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டு நாள் அண்ணன் என்னோடு பேசவில்லை. ஹாஸ்டலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் புது பேட்ச் வந்தது. மூன்று தடவை முயற்சி, நடுவே சிறு இடைவெளி, அப்புறமும் பதிலில்லை என்றால் பிழையைச் சொல்லிவிட்டு விலகல். அடியில் 'சரிபார்த்தவர்' என்று என் பெயர். அதில் ஓர் எழுத்துப்பிழை. அதையும் சொன்னேன்.