குரலுக்கு வழி காட்டும் பேரேடு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றது 1876-ஆம் ஆண்டில். அன்று ஒரு கம்பியின் இரு முனைகளில் இருவர் மட்டுமே பேசினர். இன்றோ நாம் 108 என்று மூன்று இலக்கங்களை அழுத்துகிறோம். மறுமுனையில் இருப்பவரின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்பதும் தெரியாது. ஆயினும் நம் துன்பத்தைக் கேட்க ஒருவர் கிடைத்துவிடுகிறார். ஒரே நேரத்தில் எத்தனையோ பேர் அழைக்கையில், ஒவ்வொரு குரலையும் உரிய ஒருவரிடம் கொண்டு சேர்ப்பது எது? இதைப் பற்றி நான் அறிந்துகொண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முன்னாளில் இவ்வேலையைச் செய்தவர்கள் தொலைபேசி நிலையப் பணியாளர்கள். பலகையின் முன் அமர்ந்து, "எந்த நம்பர் வேண்டும்?" என்று கேட்டுக் கையால் இணைப்புக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் இறுதிச் சடங்குத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பப்படுகின்றன என்று ஐயுற்றதாகச் சொல்வார்கள். தானாகவே இணைப்புத் தரும் கருவிக்கு அவர் 1891-இல் உரிமம் பெற்றார். 1973-இல் ராக்வெல் நிறுவனம், வரும் அழைப்புகளை வரிசையில் நிறுத்திப் பணியாளர்களுக்குப் பங்கிட்டுத் தரும் இயந்திரத்தைக் கான்டினென்டல் விமான நிறுவனத்துக்கு அமைத்துக் கொடுத்தது. பிறகு அவ்வேலை கணினி மென்பொருளின் கைக்கு வந்தது. 1990-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஜெனிசிஸ், அத்தகைய மென்பொருள் செய்யும் நிறுவனங்களுள் ஒன்று. நம் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இலும், மின்சாரக் குறைகளைச் சொல்வதற்கான 'மின்னகம்' 2021-இலும் தொடங்கின. இன்று கால் சென்டர் இல்லாத துறை அரிது என்றால் அது மிகையாகாது.

எங்கள் ஊர் படவேடு. ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சென்ற கோடை விடுமுறையில் சென்னையில் உள்ள பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறார். ஆனால் அவர் போனில் பேசுபவர் அல்லர். "பேசுறவங்களைப் பத்தின பேரேடு ஒண்ணு இருக்கு தம்பி, அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். பல மாலை வேளைகளில், கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்புறத்தில் படம் வரைந்து அதை எனக்கு விளக்கினார்.

அந்தப் பேரேட்டுக்குக் கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸ் என்று பெயர். அமைவுத் தரவுத்தளம் எனத் தமிழில் சொல்லலாம். அதில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஓர் ஆப்ஜெக்ட். அழைப்புகளைப் பெறும் இணைப்பகம் ஓர் ஆப்ஜெக்ட். அதிலுள்ள ஒவ்வொரு தொலைபேசி எண்ணும் ஓர் ஆப்ஜெக்ட். அந்த எண் வைக்கப்பட்டிருக்கும் இருக்கை ஒன்று. அதில் அமரும் பணியாளர் ஒன்று. அவர் உள்ளே நுழையப் பயன்படுத்தும் அடையாள எண் ஒன்று. அவருக்குத் தெரிந்த தமிழ், ஆங்கிலம், கடன் கணக்கு போன்ற திறன்கள் தனித்தனியே ஒவ்வொன்று. பணியாளரோடு திறன் சேர்க்கப்படும்போது, அத்திறன் எவ்வளவு என்பதும் ஓர் எண்ணாகக் குறிக்கப்படும். அழைப்பு வந்ததும் மென்பொருள் தேடுவது ஆளின் முகத்தை அன்று, இந்தப் பதிவுகளைத்தான்.

'தமிழ்' என்னும் திறன் பேரேட்டில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நூறு பணியாளர்களுக்குத் தமிழ் தெரியுமானால், நூறு பேரின் பதிவும் அந்த ஒன்றையே சுட்டும். ஒரு செய்தியைப் பல இடங்களில் எழுதினால் அவை ஒன்றோடொன்று முரண்படும் என்பதை நாம் பாடத்தில் படிக்கிறோம். எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட தொடர்புத் தரவுத்தளக் கொள்கை இதற்கு வழி வகுத்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அக்கருத்தின் பயனை நான் கண்டுகொண்டது அந்தக் காலண்டர் தாளில்தான்.

இந்த இடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு முறை அம்மா ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் போனார். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் குறைந்துவிட்டது. அந்த வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்து, தமிழுக்கான எண்ணையே அழுத்தினார். நெடுநேரம் பாட்டு ஒலித்தது. பிறகு வந்த குரல் இந்தியில் பேசியது. "என்ன பேசறாங்கன்னே தெரியலைப்பா" என்று அம்மா போனை வைத்துவிட்டார். அப்பா தறியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் வங்கிக்கு அலைந்தார். பணம் பின்னர் வந்து சேர்ந்தது. அந்த இரண்டு நாள் கூலி வரவில்லை.

இது ஏன் நேர்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். அவர் மூன்று காரணங்களை எழுதிக் காட்டினார். தமிழ் தெரியாத ஒருவரின் பதிவில் தமிழ் என்று எழுதப்பட்டிருக்கலாம். தமிழ் தெரிந்தவரின் பதிவில் அது விடுபட்டிருக்கலாம். மூன்றாவது, பதிவுகள் எல்லாம் சரியாக இருந்தும், தமிழ் தெரிந்த போதிய ஆட்களை அமர்த்தாமல், 'இவ்வளவு நேரம் காத்திருந்தால் யாரிடமாவது அனுப்பு' என்று விதி எழுதி வைத்திருக்கலாம். முதலிரண்டையும் பேரேட்டைத் திருத்திச் சரிசெய்யலாம். மூன்றாவதைத் திருத்த வேண்டியவர்கள் மனிதர்கள். எங்கள் வீட்டு அழைப்பில் நடந்தது எது என்பதை அந்தப் பேரேட்டைப் பார்ப்பவரே அறிவார். ஆனால் ஒன்று உறுதி. எங்கோ ஒரு திரையில் எழுதப்பட்ட, அல்லது எழுதப்படாத ஒரு வரிக்கு, படவேட்டில் ஒரு தறி நிற்கிறது.

ஆகவே இப்பேரேட்டைக் காப்பதில் சில நெறிகள் உண்டு. முதலாவது, அவசரப்பட்டு அழிக்கக் கூடாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பதிவைச் செயலற்றதாகக் குறித்து வைக்கலாம். ஜெனிசிஸ் போன்ற மென்பொருளில் ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் தரவுத்தளமே ஓர் அடையாள எண் தருகிறது. பதிவை அழித்துவிட்டு அதே பெயரில் மீண்டும் உண்டாக்கினாலும் புதிய எண்தான் கிடைக்கும். பழைய அறிக்கைகள் புதியவரோடு ஒட்டா. எங்கள் வீட்டில் தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு உண்டாக்கிய முறையில், துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டு, சேலையின் பூவையும் மயிலையும் தீர்மானிக்கின்றன. நடுவில் ஓர் அட்டையை உருவிவிட்டால் மயிலின் கழுத்து முறியும். வழக்கொழிந்த டிசைனின் அட்டைகளை அப்பா எரிப்பதில்லை. கட்டிப் பரணில் வைக்கிறார். அழிப்பதற்கும் ஒதுக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர்.

இரண்டாவது, யார் எதைத் தொடலாம் என்ற வரையறை. பார்ப்பதற்கு ஓர் உரிமை, உண்டாக்க ஓர் உரிமை, மாற்ற ஓர் உரிமை, அழிக்க ஓர் உரிமை எனத் தனித்தனியாக வழங்குகிறார்கள். நிரல்கள்கூடத் தரவுத்தளத்தை நேரே தொடுவதில்லை. இடையில் ஒரு சேவையகம் நின்று, கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்த்தே விடை தருகிறது. ஒன்று மாறினால், அதை அறிய வேண்டிய நிரல்களுக்கு அதுவே செய்தி அனுப்புகிறது. தறிக்குடியிலும் இவ்வழக்கம் உண்டு. சிறுவனாக இருந்தபோது தார் சுற்ற எனக்கு அனுமதி இருந்தது; பாவைத் தொட அனுமதி இல்லை. அது என்மேல் உள்ள அவநம்பிக்கை அன்று. பாவின்மேல் உள்ள மதிப்பு.

மூன்றாவது, பெயரிடுவதில் ஒழுங்கு. எங்கள் ஊரை வரலாற்று நூல்கள் படைவீடு என்று எழுதுகின்றன; சம்புவராயர்கள் ஆண்ட தலைநகரம் அது. இன்று வழங்கும் பெயர் படவேடு. மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கோ இரண்டும் வேறு ஊர்கள். ஒருவர் ஒரு பெயரிலும், இன்னொருவர் மற்றொரு பெயரிலும் பதிவு செய்தால், ஒரே பொருளுக்கு இரண்டு ஆப்ஜெக்டுகள் பிறந்துவிடும். எதைத் திருத்துவது, எதை நம்புவது என்ற குழப்பமும் கூடவே பிறக்கும். எனவே பெயர் வைக்கும் முறையை முதலிலேயே எழுதி வைத்து, எல்லோரும் அதன்படி நடக்க வேண்டும்.

நண்பர்களே! நம் வகுப்பில் நிரல் எழுதுவதே கணினித் தொழில் என்று எண்ணுகிறவர்கள் பலர். வீட்டிலோ, "கம்ப்யூட்டர் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். புதிதாக ஒன்றைப் படைப்பது பெருமைதான். படைத்ததைப் பிழையின்றிக் காப்பதும் அதற்குக் குறைந்த பெருமை அன்று. ஊர்ப் பேரும், மக்கள் பேச்சும், எழுத்துக்கூட்டிப் படிப்பவரின் தயக்கமும் அறிந்தவர்கள் நாம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு அந்த அறிவு வீட்டிலிருந்தே கிடைத்த சீதனம். அதைக் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டியதில்லை. ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய் தமிழுக்கான எண்ணை அழுத்தும்போது, தமிழ் பேசும் ஒருவரிடம் அவர் குரல் போய்ச் சேரும்படி அந்த ஒரு வரியைச் சரியாக எழுதும் கை, நம்மில் ஒருவருடைய கையாக இருக்கட்டும்.