ஏரிகள் நடுவே டிராகாய்

லித்துவேனியத் தலைநகர் வில்னியஸுக்கு மேற்கே 28 கிலோமீட்டர் தொலைவில் டிராகாய் இருக்கிறது. சுமார் ஐயாயிரம் பேர் வாழும் சிற்றூர். வடக்கே கால்வே, கிழக்கே லூகா, மேற்கே டொட்டோரிஷ்கேஸ் என்று மூன்று பக்கமும் ஏரி. நடுவே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் குறுகிய நிலத்தில் ஒரே ஒரு பெரிய தெரு. அதன் இருபுறமும் வீடுகள். ஊரில் எந்தச் சந்தில் திரும்பினாலும் சிறிது நேரத்தில் தண்ணீர் எதிர்ப்படும். கால்வே ஏரிக்குள் மட்டும் 21 தீவுகள் உண்டு. அவற்றில் ஒன்றில் எழுந்து நிற்கும் செங்கல் கோட்டைதான் இந்த ஊரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

ஊரின் வரலாறு இந்த ஏரிக்கரையில் தொடங்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லித்துவேனியப் பெருங்கோமகன் கெடிமினாஸ், தெற்கே சில கிலோமீட்டரில் இப்போது பழைய டிராகாய் என்று அழைக்கப்படும் இடத்தில் அரண்மனை அமைத்தார். வேட்டைக்குப் போன இடம் பிடித்துப்போய் அங்கேயே தலைநகரை வைத்தார் என்பது கதை. வெகு காலம் அங்கே தங்காமல் அவர் வில்னியஸுக்கு மாறிவிட்டார். அவருடைய மகன் கேஸ்டுட்டிஸ்தான் புதிய டிராகாயை ஏரிகளுக்கு நடுவே அமைத்தவர்.

கேஸ்டுட்டிஸ் இடம் மாறியதற்கு அழகுணர்ச்சியை விட அச்சமே பெரிய காரணமாக இருந்திருக்கும். லித்துவேனியா அப்போது ஐரோப்பாவில் கிறிஸ்தவத்தை ஏற்காத கடைசி நாடு. டியூட்டானிக் துறவுப் படையினர் மதத்தின் பெயரால் மேற்கிலிருந்து ஆண்டுதோறும் படையெடுத்தார்கள். தண்ணீர் சூழ்ந்த இடத்தை முற்றுகையிடுவது கடினம். முதலில் ஏரிக்கு நடுவே நீண்ட நிலமுனையில் ஒரு கோட்டை எழுந்தது. பிறகு தீவில் இன்னொன்று. 1377-இல் துறவுப் படை தீவுக் கோட்டையைச் சேதப்படுத்தியது. 1382-இல் கேஸ்டுட்டிஸ் தன் அண்ணன் மகன் யோகைலாவிடம் சிறைப்பட்டு, கிரேவா கோட்டையில் இறந்தார். சிறையிலேயே கொல்லப்பட்டார் என்றுதான் பலரும் நம்பினார்கள்.

தீவுக் கோட்டையைக் கட்டி முடித்தவர் கேஸ்டுட்டிஸின் மகன் வீட்டவ்தாஸ். வேலை ஏறத்தாழ 1409-இல் நிறைவடைந்தது. அடுத்த ஆண்டே அவரும், அதற்குள் அவரோடு சமரசமாகியிருந்த யோகைலாவும் சேர்ந்து கிருன்வால்டு போரில் டியூட்டானிக் படையை முறியடித்தார்கள். யாருக்கு அஞ்சிக் கோட்டை கட்டினார்களோ அந்தப் பகை அதோடு தளர்ந்துபோனது. கட்டி முடித்த கையோடு கோட்டை தன் போர்ப்பயனை இழந்து வசிப்பிடமானது. 1414 வாக்கில் இங்கே வந்த பர்கண்டி நாட்டு வீரர் கில்பெர் தெ லனுவா ஏரி நடுவே இருந்த செங்கல் கோட்டையைப் பற்றியும், ஊரில் ஜெர்மானியர், லித்துவேனியர், ருத்தேனியர், யூதர், தாத்தார்கள் எனப் பலர் தத்தம் மொழி பேசி வாழ்ந்ததைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டவ்தாஸின் கதையில் நிறைவேறாமல் போனது ஒன்றுதான்: மணிமுடி. கருங்கடல் வரை நீண்ட நாட்டை ஆண்டும் அவர் பட்டம் பெருங்கோமகன்தான். பிற்பாடு ரோமப் பேரரசரான சிகிஸ்மண்டு 1429-இல் அரசர் பட்டம் தர முன்வந்தார். போலந்துப் பிரபுக்கள் குறுக்கே நின்றார்கள். முடியைக் கொண்டுவந்த தூதர்களால் வந்துசேர முடியவில்லை. காத்திருந்த நிலையிலேயே 1430 அக்டோபர் 27 அன்று வீட்டவ்தாஸ் டிராகாயில் காலமானார்.

அவர் இந்த ஊருக்கு விட்டுச்சென்றவற்றில் கோட்டையை விட உறுதியானது ஒரு மக்கள் கூட்டம். 1397, 1398 ஆண்டுகளில் கிரிமியாவிலிருந்து சுமார் 380 கராயீம் குடும்பங்களை அழைத்துவந்து குடியமர்த்தினார் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. கராயீம்கள் துருக்கிய இனமொழி ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். யூத வேதமான தோராவை ஏற்பவர்கள், ஆனால் பிற்கால விளக்க நூலான தால்முதை ஏற்காதவர்கள். கோட்டையையும் பாலங்களையும் காப்பது அவர்கள் வேலையாக இருந்தது. காய்கறித் தோட்டமும் போட்டார்கள். டிராகாய் வெள்ளரிக்காய்க்குத் தனிப் பேர் இருந்தது. 1441-இல் அப்போதைய பெருங்கோமகன் காசிமிர் அவர்களுக்குத் தன்னாட்சி நகர உரிமை கொடுத்தார். கிறிஸ்தவர்கள் ஒரு பாதி, கராயீம்கள் ஒரு பாதி என்று ஊர் நடந்தது.

அவர்கள் தெருவுக்கு இன்றும் கராயீம் தெரு என்றே பெயர். மர வீடுகள் தெருவைப் பார்த்துக் குறுக்குவாட்டில் நிற்கும். முகப்பில் மூன்று சன்னல். ஒன்று கடவுளுக்கு, ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று வீட்டவ்தாஸுக்கு என்பார்கள். விளக்கம் பிற்காலத்தில் முளைத்ததாக இருக்கலாம்; ஆனால் ஆட்சியாளர் ஒருவருக்குத் தங்கள் வீட்டிலேயே ஒரு சன்னலை ஒதுக்கிச் சொல்லும் நன்றி எளிதில் கிடைப்பதல்ல. தெருவின் நடுப்பகுதியில் இருக்கும் கெனெசா அவர்களுடைய வழிபாட்டுக் கூடம். கீழ்த்தளம் ஆண்களுக்கு, மேல்மாடம் பெண்களுக்கு. ஆட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்துப் பிறைவடிவில் சுடும் கிபினாய், ஓரம் முறுக்கி மடித்த சோமாசியைப் போல இருக்கும். டிராகாய்க்கு வருபவர்கள் கோட்டைக்குப் போகாவிட்டாலும் அதைத் தின்னாமல் திரும்புவதில்லை.

கத்தோலிக்கர்களுக்கும் வீட்டவ்தாஸ் ஒன்று செய்தார். 1409-இல் அவர் நிறுவிய மரியன்னை ஆலயம் ஊரின் மேட்டில் நிற்கிறது. அங்குள்ள மரியன்னை ஓவியத்தை பைசாந்தியப் பேரரசர் பரிசாக அனுப்பினார் என்று சொல்வார்கள். 1718-இல் போப்பாண்டவர் ஒப்புதலோடு அந்த ஓவியத்துக்கு முடிசூட்டினார்கள். லித்துவேனியப் பெருங்கோமகன் நாட்டில் அப்படி முடிசூட்டப்பட்ட முதல் ஓவியம் அதுவே. ஆலயத்தைக் கட்டியவருக்குக் கிடைக்காத மரியாதை ஓவியத்துக்குக் கிடைத்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் பக்தர்கள் இங்கே திரள்கிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் கோட்டையின் ஒரு பகுதி சிறையானது. 1655-இல் மாஸ்கோ படை ஊரையும் இரு கோட்டைகளையும் அழித்தது. பிறகு யாரும் பெரிதாகப் பழுதுபார்க்கவில்லை. மரங்களும் செடிகளும் இடிபாடுகளுக்குள் வளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் அந்த இடிபாட்டைத் தேடி வந்தார்கள்.

அடுத்த நூற்றாண்டு ஊருக்குக் கடுமையானது. இரு உலகப் போர்களுக்கு இடையே டிராகாய் போலந்தின் ஆட்சியில் இருந்தது. 1939 ஜனவரியில் ஜெர்மன் அரசின் வம்சாவளி ஆய்வு அலுவலகம் கராயீம்களை யூத மதச் சமூகத்தவராகக் கருதக்கூடாது என்று முடிவெடுத்தது. ஜெர்மன் படையெடுப்புக்குப் பின் அந்தத் தாள் அவர்கள் உயிரைக் காத்தது. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த யூதர்களுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. 1941 செப்டம்பர் 30 அன்று அருகிலுள்ள வர்னிக்காய் காட்டில் 1,446 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று கொலையாளிகளின் சொந்த அறிக்கையே கணக்கு வைத்திருக்கிறது. அவர்களில் 597 பேர் குழந்தைகள். பயணநூல்களில் கோட்டைக்குக் கிடைக்கும் பக்கங்கள் இந்தக் காட்டுக்குக் கிடைப்பதில்லை.

கோட்டையின் இடிபாட்டைப் பாதுகாக்கும் வேலை 1905-இலேயே தொடங்கி, போலந்து ஆட்சியிலும் தொடர்ந்தது. உண்மையான மீட்டெழுப்புதல் சோவியத் காலத்தில், 1950-களின் தொடக்கத்தில் நடந்தது. பழைய லித்துவேனிய அரசின் பெருமைச் சின்னத்தை சோவியத் பணத்தில் திரும்பக் கட்டியது வேடிக்கைதான். 1960-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். நிலப்பிரபுத்துவத்தைப் புகழ்வதற்கா பணம் என்பது அவர் கேள்வி. அதற்குள் வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. 1962-இல் கோட்டையில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உள்முற்றத்தைக் காக்கும் ஆறு நிலைக் கோபுரம் உட்படக் கண்ணுக்குத் தெரியும் செங்கல்லின் பெரும் பங்கு இருபதாம் நூற்றாண்டினது. பழைய கல்லும் புதிய செங்கல்லும் சேருமிடம் பல சுவர்களில் நிறத்தாலேயே புலப்படும். இப்படித் திரும்பக் கட்டியது பிழை என்று சொல்பவர்கள் உண்டு. இடிபாடாகவே விட்டிருந்தால் ஊரே ஒரு குறிப்பாகச் சுருங்கியிருக்கும் என்பவர்களும் உண்டு. இரண்டாவது தரப்பிலேயே நியாயம் அதிகம்.

கராயீம்களின் நிலை அப்படியில்லை. அவர்களை மீட்டெழுப்ப எந்தக் கட்டடக் குழுவும் போதாது. மதத்தலைவர் செராயா ஷாப்ஷால் சேகரித்த ஆயுதங்களும் ஆடைகளும் ஊரின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளன. ஆனால் 2001 கணக்கெடுப்பில் லித்துவேனியா முழுவதும் 273 பேர்தான் தங்களைக் கராயீம் என்று பதிந்தார்கள். தாய்மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் அதிலும் மிகக் குறைவு.

தீவுக்கு எதிர்க்கரையில் இன்னொரு மாளிகை உண்டு: உஜுட்ராகிஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திஷ்கேவிச் குடும்பத்துக்காகப் போலந்துக் கட்டடக் கலைஞர் யூஸெஃப் ஹுஸ் கட்டியது. பூங்காவை வடிவமைத்தவர் பிரெஞ்சு நிலவமைப்புக் கலைஞர் எடுவார்ட் ஆந்த்ரே. அவர் காலத்தில் மேல்தளத்திலிருந்து தெரிந்தது கோட்டையின் இடிபாடு மட்டுமே. அதையும் தன் காட்சிக்குள் அவர் சேர்த்துக்கொண்டார். சோவியத் காலத்தில் ஓய்வில்லமாகிப் பொலிவிழந்த இந்த மாளிகை, 1991-இல் ஏரிகளையும் ஊரையும் சேர்த்து அமைக்கப்பட்ட டிராகாய் வரலாற்றுத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்தது. மாளிகையும் பூங்காவும் பிறகு புதுப்பிக்கப்பட்டன. கோடையில் அங்கே கச்சேரிகள் நடக்கின்றன.