காய் விட ஓர் ஆள்

நான் வளர்ந்த தெருவில் சண்டைக்கு ஒரு முறை இருந்தது. விரலை நீட்டி, "உன்கூட காய்" என்று சொல்லிவிட வேண்டும். மறுநாளோ, தாங்க முடியாவிட்டால் அன்று சாயங்காலமோ, பழம் விட்டுக்கொள்ளலாம். இன்று என் மகன் விளையாடும் குடியிருப்பிலும் பிள்ளைகள் அதையேதான் சொல்கிறார்கள். அவனுக்கு எட்டு வயது. ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த குறைபாடு, என்று மருத்துவர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. அவனிடம் யாரும் காய் விட்டதில்லை. அவன் போய் நின்றால் ஆட்டம் மெல்லக் கலையும். அவன் மாடியேறி வந்த பிறகு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மறுபடி கூடும். பால்கனியில் துணி காயப்போடும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் கிரிக்கெட்டில் போல்டு ஆனான். "நோ பால்" என்று கத்தினான், பேட்டைக் கொடுக்கவில்லை. அடுத்து ஆட வேண்டியவன் பிடித்து இழுக்க, இவன் தள்ளிவிட்டான். அந்தப் பையனுக்கு முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து இவனை உட்காரவைத்தேன்.

"அவுட் ஆனா என்னடா செய்யணும்?"

"பேட்டைக் குடுத்துட்டு ஃபீல்டிங் போணும்."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்தான். "தெரியும்மா. கை குடுக்கல."

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக எழுதிவருவதை என் பிள்ளை மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டான். என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் குழந்தைகளுக்குத் தெரியாமல் இல்லை; தெரிந்ததை அந்த நொடியில் செய்யத்தான் முடியவில்லை. நானோ அதுவரை ராத்திரிதோறும் அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். விட்டுக்கொடுக்கணும், பொறுமையா இருக்கணும் என்று. தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப ஒப்பிக்கவைத்திருக்கிறேன்.

மருத்துவர்களிடம் இருக்கும் அறிகுறிப் பட்டியலில், தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாமை, கேள்வி முடியுமுன் பதில் சொல்வது, பிறர் பேச்சிலும் விளையாட்டிலும் குறுக்கே நுழைவது என்றெல்லாம் வரும். படித்தபோது, கீழ்வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து சொன்ன புகார்களை யாரோ வரிசையாக எழுதிவைத்ததுபோல் இருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆட்டம் கெட்டால் யாருக்கும் வருத்தம்தான். பெரியவர்கள் "வளர்ப்பு சரியில்ல" என்று லிஃப்டில் பேசியதுதான் இன்னும் ஆறவில்லை.

பள்ளியை மாற்றினால் பழைய பெயர் போகும் என்று நினைத்து மாற்றினோம். 1994-இல் ட்ரூ எர்ஹார்ட், ஸ்டீபன் ஹின்ஷா இருவரும் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். ஒரு கோடை முகாமில், முன்பின் அறிமுகமில்லாத சிறுவர்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் நாளிலேயே மற்றப் பையன்கள் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களை ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கு ஒரு வாரம் கிடைத்தது.

மாத்திரை உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுப்பாடம் முடிகிறது, பென்சில் டப்பா தொலைவதில்லை. ஆனால் கூட்டாளி கிடைப்பது வேறு. ஏ.டி.எச்.டி. உள்ள 579 குழந்தைகளை வைத்து வட அமெரிக்காவில் நடந்து 1999-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்விலும் இதுவே தெரிந்தது: சிகிச்சைக்குப் பிறகும் சக பிள்ளைகளிடையே அவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான இடம் கிடைக்கவில்லை.

பத்துப் பேர் நடுவில் அவனை நிறுத்திப் பழக்க முயன்றதுதான் என் தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஒரே ஒரு பிள்ளை போதும். அமோரி மிக்காமி என்ற உளவியலாளர், பிள்ளையின் நட்புக்குக் கைகொடுக்கப் பெற்றோரையே பழக்கிய முறையைப் பற்றிப் படித்துவிட்டு, இரண்டாவது மாடிப் பையனை வீட்டுக்கு அழைத்தேன். ஒரு மணி நேரம். ஒரு கேரம் போர்டு. "அவன் அடிக்கும்போது கையைத் தொடைக்குக் கீழ வச்சுக்கோ" என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். வைத்துக்கொண்டான். ஸ்ட்ரைக்கர் எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் தோள் துடித்தது, இரண்டு முறை கை வெளியே வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் அவன் முழங்காலைத் தொட்டேன், உள்ளே போயிற்று. சிவப்புக் காய் விழுந்து, சண்டை வருமுன்னே பஜ்ஜித் தட்டை நடுவில் வைத்தேன். இப்படியே ஆறு சனிக்கிழமைகள்.

ஏழாவது சனிக்கிழமை என்னால் சண்டையைத் தடுக்க முடியவில்லை. அடுப்பில் இருந்தேன். மகன் அழுதுகொண்டே ஓடி வந்தான்.

"அம்மா, அவன் என்கூட காய் விட்டுட்டான்!"

கரண்டியை வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டேன். என் கண்ணிலும் தண்ணீர். மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல் கதவருகே போய் நின்றான், இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. பழம் விட.