நூல் பிடித்த தூரம்

சேலையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேல் விமானப் படை விமானம் உறுமிக்கொண்டு போனால், வடாம் பிழிகிற கையை நிறுத்திவிட்டு அம்மா அண்ணாந்து பார்ப்பாள். "லேவுக்குப் போகிறதோ?" என்பாள். நான் வாதாடுவதில்லை. எல்லாம் 2012-இல் வந்த வினை!

அந்த வருஷம் அத்தானுக்கு லடாக்கில் உத்தியோகம். அவரைப் பார்க்க அக்கா கிளம்பினாள். துணைக்கு நானும் அம்மாவும். புறப்படுமுன் அட்லாஸை விரித்து, ஸ்ரீநகருக்கும் லேவுக்கும் நடுவே தையல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தேன். ஏறக்குறைய 255 கிலோமீட்டர்.

"இவ்வளவுதானா? நம் கும்பகோணம்!" என்றாள் அம்மா.

லே 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். ஆகவே ஸ்ரீநகரில் அத்தானின் சிநேகிதர் வீட்டில் அம்மாவை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் காரில் ஏறினோம். நூலில் 255, சாலையில் 434! கார்கிலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மாலைதான் போய்ச் சேர்ந்தோம். தலைவலி பட்டதைத் தனியாக எழுத வேண்டும்.

நாலாம் நாள் சோஜி லா கணவாயில் பனி கொட்டிப் பாதை அடைபட்டுவிட்டது. இனி ஆகாய மார்க்கம்தான். அங்கே விமானம் வருவது காலை வேளையில். வெயில் ஏற ஏற, ஏற்கெனவே மெலிந்த காற்று இன்னும் மெலிந்து இறக்கைக்குப் பிடிமானம் குறையும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று சுழற்றி அடிக்கும். சுற்றிலும் மலையாதலால் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அன்று ஒரே மேகம். எங்கள் விமானம் மேலே வட்டமிடும் ஓசை கேட்டது. அப்புறம் அதுவும் தேய்ந்துபோயிற்று.

அடுத்த விமானம் நான்கு நாள் கழித்து! டில்லி சுற்றிப் போகலாமென்றால் அதில் இடமில்லை. "நான் சௌக்கியம்" என்று அம்மா டெலிபோனில் சொன்ன தினுசே, சௌக்கியமில்லை என்றது. பாஷை தெரியாத ஊர், பழகாத குளிர். அக்கா அழுதே விட்டாள்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு லடாக்கிப் பாட்டி, மகனுடன். ஸ்ரீநகரில் அவளுக்குக் கண் ஆபரேஷன். அவள் தகப்பனார் காலத்தில் ஸ்ரீநகருக்குப் பதினைந்து, பதினாறு நாள் நடையாம். 1948 மே 24-ஆம் தேதி மெஹர் சிங் என்ற விமானப் படை அதிகாரி, ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு ஒரு டகோடாவில் வந்து இறங்கினார். அதுதான் லே பார்த்த முதல் விமானம். ஓடுதளம் போட்டவர் சோனம் நோர்பு என்கிற லடாக்கி இன்ஜினீயர். வந்தது என்ன பிராணியோ என்று ஊரார் அதற்குப் புல் கொண்டு வந்து வைத்தார்களாம்! மகன் இந்தியில் சொல்லிச் சிரித்தான்.

விமானம் திரும்பிவிட்டதென்று தெரிந்ததும் பாட்டி ஒன்றும் பேசவில்லை. உலர்ந்த ஆப்ரிகாட் பழம் நாலைந்தை அக்காவின் கையில் வைத்து மூடிவிட்டு எழுந்து போனாள். எங்களுக்கு ஒரு தடவை. அவளுக்குப் பனிக்காலந்தோறும் இதே பாடு.

நான்காம் நாள் வானம் வெளுத்தது. சுமார் முக்கால் மணிப் பிரயாணம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போக இதைவிட நேரமாகும். பாட்டி வழியெல்லாம் ஜன்னலில் மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு வந்தாள். அவள் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ!

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"முக்கால் மணி தூரத்தில் இருந்துகொண்டு நாலு நாள் கழித்து வருகிறீர்களாக்கும்!" என்றாள். திட்டி முடிக்கும்வரை அக்காவின் கையை விடவில்லை.